உபயம் அவிநாசியப்பன்

மலையேறி வருகிற பேருந்துகள் மூச்சு வாங்க நிற்கிற வெண்மட்டம் என்ற ஊரில், வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன பங்களாக்களில் எல்லாம் நம்மவர்கள் குடியேறி, வெள்ளைக்காரனுக்கே தெரியாத வெள்ளைக்காரத்தனங்களைப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திப் பெரும்பணம் சேர்த்த அவிநாசியப்பன் என்பவர், கம்பெனியை மகன்களிடம் விட்டுவிட்டு, மனைவி துளசிமணியோடு வந்து, தேயிலைச் சரிவின் உச்சியிலிருந்த ஒரு பங்களாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கொள்ளு ரசமும் சோறும் சாப்பிட்டுவிட்டு, வெயில் வந்தால் வெயிலில் காய்ந்திருக்கலாம். ஆனால் அவருக்குக் கிளப்பில் சேர வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

கிளப்பில் முதல் விருந்தன்று, வறுத்த மீனைக் கையால் பிய்த்து, முள்ளை உருவித் தட்டோரத்தில் வைத்துவிட்டு, ருசியாக இருந்ததால் விரலையும் சூப்பினார். எதிரில் இருந்தவர் கர்னல் ஜெயசிங் ராஜமணி. ராணுவத்தில் கணக்குப் பார்க்கிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றாலும், பல போர்களை வென்று திரும்பியவர் போல மீசையை வைத்திருப்பார். அவர் தன் முள்கரண்டியைக் கீழே வைத்தார், பரிமாறுகிற பேரரைக் கூப்பிட்டார், "சாருக்கு ஒரு பக்கெட் தண்ணி கொண்டு வாப்பா, முழங்கை வரைக்கும் கழுவணும்" என்றார். மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவிநாசியப்பனும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து, துளசிமணி தூங்கிய பிறகு, தன் வலது கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி இந்தக் கையைச் சோற்றில் வைப்பதில்லை என்று அவிநாசி லிங்கத்தின் மேல் ஆணையிட்டுவிட்டுத்தான் படுத்தார்.

அன்று தொடங்கியது வெள்ளி வேட்டை. வெண்மட்டத்துக் கனவான்களும் சீமாட்டிகளும் சேர்ந்து 'ஸ்டெர்லிங் வட்டம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் செய்து, தரத்துக்கு அடையாளமாக நடக்கிற சிங்கத்தின் முத்திரை குத்திய பழைய வெள்ளிச் சாமான்களைச் சேர்ப்பதும், அவற்றை மாற்றி மாற்றி ஒருவருக்கொருவர் காட்டுவதும், அடுத்தவருடையது முலாம் பூசியது என்று முதுகுக்குப் பின்னால் பேசுவதும் அந்த வட்டத்தின் வேலை. அவிநாசியப்பன் கல்கத்தா ஏலங்களுக்கு ஆள் அனுப்பினார். எஜமானி செத்துப்போன எஸ்டேட் பங்களாக்களில் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் போய் நின்றார். மீன் வெட்டுகிற கத்தி, சர்க்கரைக் கட்டியைப் பிடிக்கிற இடுக்கி, திராட்சைக் கொத்தைக் கத்தரிக்கிற கத்தரிக்கோல், எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையைச் சுரண்டுகிற கரண்டி, உப்பைத் தொட்டெடுக்க விரல் நுனியளவு ஸ்பூன், ரொட்டித் துண்டுகளை வரிசையாக நிற்கவைக்கிற சட்டம் என்று, மனிதன் தன் பத்து விரலால் செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு வெள்ளி ஆயுதத்தை வாங்கிக் குவித்தார். வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டு, கரண்டி, ஸ்பூன் எல்லாவற்றையும் மூட்டை கட்டித் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார். துளசிமணி தனக்கென்று ஒரு தட்டை மட்டும் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, செம்பு கலந்த வெள்ளியாமா இது. கொலுசுக்குக்கூட ஆகாதுன்னு நகைக்கடைக்காரரு சொன்னாருங்க" என்று அவள் சொன்னபோது, "அம்மிணி, உனக்குச் சிங்கத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று அடக்கிவிட்டார்.

இவ்வளவு வெள்ளி சேர்ந்த பிறகு வட்டத்தின் விருந்துகள் எல்லாம் அவர் பங்களாவிலேயே நடந்தன. சாப்பாடும் அவர் செலவு என்பதால் கர்னலின் மீசை அந்த வீட்டில் கொஞ்சம் பணிந்தே இருந்தது. ஆனால் விருந்து முடிந்தால் ஒரு ஸ்பூன் குறையும், ஒரு முள்கரண்டி யார் பையிலாவது தவறிப் போய்விடும். பனியன் கம்பெனி நடத்தியவருக்கு இதற்கு மருந்து தெரியாதா? மேட்டுப்பாளையத்திலிருந்து பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மயில்வாகனத்தை வரவழைத்தார். மயில்வாகனம் அவருக்குப் பல வருடப் பழக்கம். அவிநாசியப்பன் கோயில்களுக்குக் கொடுத்த குடம், அண்டா, தூக்குவிளக்கு எல்லாவற்றிலும் பெயர் வெட்டியது அந்தக் கைதான். பெயர் போடாமல் எதையும் கொடுத்த மனிதரில்லை அவிநாசியப்பன். அவர் கொடுத்த டியூப்லைட்டில் வெளிச்சம் வெளியே வர இடமில்லாத அளவுக்குப் பெயர் எழுதியிருக்கும். அவர் கொடுத்த மின்விசிறி சுற்றினால் பெயரைப் படிக்க முடியவில்லை என்பதால், சித்திரை வெயிலிலும் அதை ஓடவிடக் கூடாது என்று அர்ச்சகரிடம் சொல்லி வைத்திருந்தார்.

"பேரு எப்படீங்க போடோணும்?" என்று மயில்வாகனம் கேட்டார்.

"எப்பவும் போடறாப்பலயே போட்டுரு" என்றார் அவிநாசியப்பன், திராட்சைக் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே.

மயில்வாகனம் எப்பவும் போடுகிற மாதிரியே போட்டார். லண்டன் பட்டறையில் எவனோ குத்திய சிங்கத்தின் வாலுக்குப் பக்கத்தில், புள்ளி புள்ளியாக, 'உபயம் அவிநாசியப்பன்' என்று ஒவ்வொரு சாமானிலும் வெட்டினார். உப்பு ஸ்பூனில் மட்டும் இடம் பற்றாமல் 'உபயம் அவி' என்று நின்றது. அவிநாசியப்பன் எடுத்துப் பார்த்தார். முன்னால் உபயம் இல்லாவிட்டால் தன் பெயர் அவருக்கே மொட்டையாகத் தெரியும், அதனால் திருப்திதான். அடுத்த விருந்தில் அதைப் பார்த்த கர்னல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்டர், நீங்க சிங்கத்தையே கொன்னுட்டீங்க" என்றார். ஆனால் வாத்து ரோஸ்ட் வந்ததும் இரங்கல் முடிந்துவிட்டது.

இனிப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரிவின் கீழே தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் இருந்தது. லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற ஒற்றையடிப் பாதை, அந்தப் பங்களா கட்டுவதற்கு முன்பிருந்தே, சாப்பாட்டு அறை ஜன்னலை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன்கூட அதை மறிக்கவில்லை. அவிநாசியப்பன் கத்தியும் முள்கரண்டியும் பழகிய காலத்தில், அவித்த பட்டாணியைக் குத்த ஒரு மத்தியானம் முழுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். பட்டாணி தட்டில் ஓடியது, மேஜையில் ஓடியது, தரையிலும் ஓடியது. இலை பறித்துவிட்டுத் திரும்பிய பெண்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அவர்களில் கதிராயி என்பவளுக்குத் தொண்டை பெரிது. "ஐயா, அந்தா ஒண்ணு அலமாரிக்கு அடியில ஓடுது, புடிங்க!" என்று கத்தினாள். அவ்வளவு பேரும் சிரித்தார்கள். மறுநாளே பாதையின் குறுக்கே இரும்புக் கதவு போட்டுப் பூட்டப்பட்டது. அதன் பிறகு லயத்தில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யாருக்கு இடுப்பு வலி எடுத்தாலும், தூளி கட்டி மலையைச் சுற்றித் தூக்கிப்போனார்கள்.

மனுக்கொடுத்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். பிறகு கதிராயி, பாதை திறக்கும்வரை சாப்பிடுவதில்லை என்று இரும்புக் கதவின் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தாள். தொழிற்சங்கத் தலைவர் இன்னாசிமுத்து மாலை போட்டு, மைக்கில் பேசி, துணைக்குத் தானும் சாப்பிடாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

அவிநாசியப்பன் பயப்படவில்லை. பயப்படவில்லை என்று காட்டுவதற்காகவே அன்று மத்தியானம் வட்டத்துக்கு ஒரு பெரிய விருந்து வைத்தார். வாத்து ரோஸ்ட், உருளைக்கிழங்கு மசியல், கேரமல் புட்டிங். ஜன்னலைத் திறந்து வைத்து, பந்தலுக்குக் கேட்கும்படி வெள்ளிகள் கிணுகிணுக்க, எல்லோரும் மூக்கைப் பிடிக்கச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு எழுந்தபோது அவிநாசியப்பனுக்கு வயிறு ஒட்டிப் போயிருந்தது. கர்னலுக்கும் அப்படியே. டாக்டரம்மா ஒருத்தி இடுப்புப் பட்டியைத் தளர்த்தப் போனவள் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விருந்து முடிந்ததும் பசிக்கிறது என்று சொல்வதற்கு எந்தக் கரண்டியும் இல்லை.

அதே நேரத்தில் பந்தலில் கதிராயி ஏப்பம் விட்டாள். வாத்து வாசம் அடித்தது. பக்கத்தில் இன்னாசிமுத்து, பேசிக்கொண்டிருந்த மைக்கிலேயே இன்னொரு ஏப்பம் விட்டார், அது கேரமல்.

முதல் நாள் கதிராயியைத் திருடி என்றார்கள். முந்தானையில் ஒளித்துத் தின்கிறாள் என்றார்கள். கதிராயி மாரியம்மன் மேல் சத்தியம் செய்தாள், அழுதாள், வந்தவர்களை எல்லாம் வாயை முகர்ந்து பார்க்கச் சொன்னாள்; முகர்ந்து பார்த்தவர்கள் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டார்கள். எஸ்தர்ராணி என்கிற பெண் காவலரைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். எஸ்தர்ராணி கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, மேலதிகாரியிடம், "சார், இந்தம்மா பச்சத் தண்ணிகூட வாயில வைக்கல. ஆனா மேல பங்களால கரண்டி சத்தம் கேட்டா, இங்க இது வயித்தத் தடவுது" என்று சொன்னாள். அரசு மருத்துவர் வந்து நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, உண்ணாவிரதம் இருப்பவருக்கு அஜீரணம் என்று முடிவு செய்து, ஓம வாட்டர் கொடுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு வெண்மட்டத்தில் யாரும் இதைப் பற்றி வியக்கவில்லை. சமையற்கட்டுக்கு எடுபிடி வேலை செய்கிற பெண் மூலம் வெள்ளியில் வெட்டிய எழுத்து என்ன என்று ஊருக்குத் தெரிந்ததும், "உபயம்னு எழுதிட்டு அவரே தின்னா எப்படி? போக வேண்டிய எடத்துக்குத்தான் போகும்" என்று மார்க்கெட்டில் காய் விற்பவள் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். லயத்தில் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்கள்: "இத்தன நாளு நம்ம வயித்துல இருக்க வேண்டியது அங்க போச்சு, இப்ப அங்க போறது இங்க வருது." அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. அடுத்த வேளைக்கு என்ன சமையல் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

இப்படியாக வெண்மட்டத்தில் உண்ணாவிரதம் இருக்க ஆசைப்படாத ஆளே இல்லை என்றாயிற்று. பந்தலை நீட்டினார்கள், நீட்டிய பந்தலை மறுபடி நீட்டினார்கள். நேற்றுவரை லயத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காத கடைக்காரர்கள் எல்லாம் தொழிலாளர் ஒற்றுமை வாழ்க என்று சொல்லிக்கொண்டு வந்து சம்மணம் போட்டார்கள். கதவுக்கு அருகில் உட்கார்ந்தால் கறித்துண்டு, தள்ளி உட்கார்ந்தால் வெறும் சூப் என்பதால் இடத்துக்குச் சிபாரிசு பிடித்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். ஒரு புண்ணியவான் தன் மகளின் நிச்சயதார்த்தத்தையே பந்தலில் வைத்து, மாப்பிள்ளை வீட்டாரை வரிசையாக உட்கார வைத்துவிட்டான். சஷ்டி விரதம் இருந்த பெண்கள், பங்களாவில் ஆட்டுக்கால் சூப் வைத்துத் தங்கள் விரதத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவிநாசியப்பனைச் சபித்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் புட்டிங்கை எதிர்த்துத் தனியாகக் கோஷம் போட்டார்கள். முதலில் "திற, திற, பாதையைத் திற" என்று கேட்ட கோஷம், மெல்ல மெல்ல, "போடு, போடு, உப்பைப் போடு" என்று மாறியது. இங்கிலீஷ் சமையலில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, கடுகு தாளிப்பது என்ற பேச்சே இல்லை, எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனிதன் இதையே பட்டினி கிடப்பது என்று இன்னாசிமுத்து மைக்கில் உருகினார்.

கதிராயி மட்டும் நடுவில் உட்கார்ந்து பற்களைக் கடித்துக்கொண்டிருந்தாள். "பசி ஒண்ணுதான் எங்கையில இருந்துச்சு. அதையும் புடுங்கிட்டாரு அந்தாளு" என்று எஸ்தர்ராணியிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு ஏப்பம் வந்தது. அவமானத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேலே பங்களாவில் அவிநாசியப்பன் இளைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெர்லிங் வட்டத்து மனிதர்கள் கெட்டிக்காரர்கள். விருந்துக்கு வந்து, வெள்ளியை ஏந்தி, அழகாக மென்று, "எக்ஸலன்ட்" என்று சொல்லிவிட்டு, நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முனியாண்டி விலாஸில் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கிக் கையால் அடித்தார்கள். கர்னல் மீசையில் சால்னா வழிந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. மனதார வெள்ளைக்காரனாக ஆக நினைத்தது அவிநாசியப்பன் ஒருவர்தான், அதனால் அவர் ஒருவர்தான் பட்டினி கிடந்தார். வெள்ளி தொட்ட எதுவும் அவர் உடம்பில் தங்கவில்லை. ரொட்டி வெள்ளிச் சட்டத்தில் நின்றது, தேநீர் வெள்ளிக் கெட்டிலில் வந்தது, சோற்றை வெள்ளி அகப்பை பரிமாறியது. எல்லாம் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தன. கண்ணாடி டம்ளரில் குடித்த தண்ணீர் மட்டும் அவருக்கு மிஞ்சியது. வேட்டி நிற்காமல் இடுப்பில் பெல்ட் போட்டார். பெல்ட்டில் புது ஓட்டைகள் போட வேண்டியதாயிற்று. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

மயில்வாகனத்தை மறுபடி வரவழைத்து, எழுத்தை ராவி எடுக்கச் சொன்னார். மயில்வாகனம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அது மட்டும் ஆவாதுங்க. உபயம்னு வெட்டுன எழுத்த எங்க தொழில்ல எவனும் ராவ மாட்டான். குடுத்தத எடுத்த பாவம் எங்கைக்கு வந்துருமுங்க."

"நான் யாருக்குடா குடுத்தேன்? என்ற சாமானு, என்ற ஊட்டுல இருக்குது!"

"எழுத்துல குடுத்துட்டீங்களே" என்றார் மயில்வாகனம், வருத்தமாகவே. மலைக்குக் கீழே எந்த ஊர்ப் பாத்திரக் கடையிலும் இதே பதில்தான் வந்தது. கடையில் எவர்சில்வர் ஸ்பூன் வாங்கச் சிங்கம் பழகிய கௌரவம் இடம் கொடுக்காததால், கர்னலிடம் ஒரே ஒரு ஸ்பூன் இரவல் கேட்டார். உங்கள் வீட்டு நோய் என் சிங்கத்துக்கு வேண்டாம் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று துளசிமணி அரிசிப் பானையிலிருந்து தன் தட்டை எடுத்தாள். சுடுசோறு வடித்து, கொள்ளு ரசம் ஊற்றி, கொஞ்சம் நெய்யும் விட்டுப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"ஒரே ஒரு வாய்ங்க. சாமி கோவிச்சுக்காது. நான் வேண்டிக்கறனுங்க."

அவிநாசியப்பனுக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியது. கண்ணிலும் நீர் வந்துவிட்டது. ஆனால் முகத்தைத் திருப்பினார். "அந்தப் பக்கெட்டு உனக்கு மறந்துருச்சா அம்மிணி? எனக்கு மறக்குல. கையில திங்கறதுக்கு நான் செத்துப் போறன்."

"சாவறதுன்னா கௌரவமாச் சாவோணுமாக்கு" என்றாள் துளசிமணி. அந்தக் கவளத்தைத் தானே தின்றாள். தின்றுகொண்டே அழுதாள்.

பல நாள் யோசித்து அவிநாசியப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். இத்தனையும் அந்த ஒருத்தி பட்டினி கிடப்பதால் வந்தது. அவள் உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டால் பந்தல் பிரியும், பந்தல் பிரிந்தால் சோறு போக இடமில்லாமல் தன் வயிற்றிலேயே தங்கித்தானே ஆக வேண்டும்? பாதை போனால் போகிறது. ஜன்னல் வழியே பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதற்குள் பட்டாணியும் பழகியாயிற்று. பாதையைத் திறப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

பந்தலில் இடி விழுந்தது. இன்னாசிமுத்து எழுந்து நின்று, இது முதலாளியின் சதி என்றார். கட்சிக்காரர்கள் ஒரே குரலில், பாதையைத் திறந்தால் தீக்குளிப்போம் என்றார்கள். அடுத்த வாரம் சீமந்தத்துக்கு இடம் பிடித்து வைத்திருந்தவர்கள் கதிராயியின் காலிலேயே விழுந்தார்கள்.

"அவசரப்படக் கூடாது தோழர். போராட்டம் இப்பத்தான் சூடு பிடிக்குது" என்றார் இன்னாசிமுத்து.

"சூடா பிடிக்குது? உனக்குத் தொப்பதான் பிடிக்குது" என்றாள் கதிராயி. "தோழராம் தோழர்! புட்டிங்குக்குப் பொறந்த பயலுகளா, நம்ம புள்ளத்தாச்சிகளத் தூளியில தூக்கிட்டு ஓடுனமே, மறந்துட்டீங்களா? ஒரு கறித் துண்டுக்கு வழிய வித்துப்புட்டு உக்காந்திருக்கீங்க. எந்திரிங்கடா!"

யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் தனியாக எழுந்து, கனத்துப் போன உடம்பைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, எஸ்தர்ராணியின் தோளைப் பிடித்தபடி கதவுவரை நடந்தாள். அந்தப் பக்கம் அவிநாசியப்பன் துளசிமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பூட்டைத் திறக்கவும் அவருக்குப் பலமில்லை, துளசிமணிதான் திறந்தாள். எதிராளி கையால் பழரசம் வாங்கிக் குடித்தால்தான் உண்ணாவிரதம் முறைப்படி முடியும் என்பதால், எலுமிச்சைச் சாறு ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் தயாராக இருந்தது. போட்டோகிராபர் ஒருவர் மதில் மேல் ஏறியிருந்தார். அவிநாசியப்பன் கிண்ணத்தைத் திருப்பி, தன் பெயர் போட்டோவில் விழுகிற மாதிரி பிடித்து நீட்டினார்.

கதிராயி கிண்ணத்தைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீங்களே குடிங்கய்யா. எனக்கு வந்து சேரும்."

வேறு வழியில்லாமல் அவர் ஸ்பூன் ஸ்பூனாகக் கிண்ணம் முழுவதையும் குடித்தார். கதிராயி புளிப்பில் ஒரு கண்ணைச் சுருக்கி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். எஸ்தர்ராணி வயர்லெஸ்ஸில் உண்ணாவிரதம் முடிந்தது என்று தகவல் சொன்னாள். பந்தலில் பலர் கண்ணீர் விட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் பந்தல்காரர்கள் கம்பைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே அவிநாசியப்பன் மேஜையில் உட்கார்ந்தார். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வந்தன. ஒவ்வொரு வாயையும் மென்று விழுங்கிவிட்டு, வயிற்றின் மேல் கைவைத்துப் பார்த்தார். கறி தீர்ந்தது. கிழங்கும் தீர்ந்தது. வயிறு அப்படியே ஒட்டிக்கிடந்தது. அவர் முள்கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் துளசிமணியைப் பார்த்த பார்வை, கண்காட்சியில் தொலைந்த குழந்தையின் பார்வையாக இருந்தது.

"அவதான் குடிச்சு முடிச்சுட்டாளே! இன்னும் எங்க போகுது அம்மிணி?"

"ஏனுங்க, ஒருக்கா போக எடம் தெரிஞ்ச சோறு நிக்குமுங்களா? இந்த மலையில பட்டினி கெடக்கறவ அவ ஒருத்திதானுங்களா?" என்றாள் துளசிமணி.

அவருக்கு அது புரிய நேரமாயிற்று. புரிந்ததும் மேஜையிலிருந்த வெள்ளிகளை ஓரமாகத் தள்ளினார். பிறகு, துளசிமணியின் முகத்தைப் பார்க்காமல், "அந்தச் சோறு இருக்குதா?" என்று கேட்டார்.

அவள் ஓடினாள். தட்டில் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தாள். அவிநாசியப்பன் வலது கையைத் தட்டில் வைத்தார். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சோற்றைப் பிசைந்தன, ரசத்தைச் சேர்த்தன, தாமாகவே ஒரு கவளத்தை உருட்டின. கவளம் உதட்டுக்குப் போகிற வழியில், ஜன்னலுக்கு வெளியே பேச்சுக்குரல் கேட்டது.

பாதை திறந்துவிட்டதல்லவா, ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், தலையில் விறகுக் கட்டோடு யாரோ ஒரு வெளியூர்க்காரன், அவர்களுக்குப் பின்னால் கதிராயி. அவள் நின்றாள், அவள் நின்றதால் எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சாப்பிடுகிற ஒரு மனிதனைப் பார்ப்பது மாதிரித்தான் பார்த்தார்கள். கதிராயி, "சாப்பிடுங்கய்யா, சாப்பிடுங்க" என்றுகூடச் சொன்னாள்.

அவிநாசியப்பன் கவளத்தைத் தட்டில் போட்டார். மடியிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பெரிய வெள்ளி ஸ்பூனை எடுத்து, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்படி பிடித்து, ஒரு பருக்கை சிந்தாமல் அள்ளி, வாயை மூடி, சத்தமில்லாமல் மென்றார். வெளியே, விறகுக் கட்டு சுமந்தவன் ஏப்பம் விட்டான். விட்டவன் சுற்றிலும் பார்த்து வெட்கப்பட்டு, கட்டைச் சரிசெய்துகொண்டு முன்னைவிட வேகமாக நடந்தான். மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

துளசிமணி கணவர் தட்டிலிருந்தது முழுவதையும் விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு காலித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"செரி, ஊருக்குத்தான் போகுதுன்னு ஆயிப் போச்சு. நாளையிலிருந்து உப்பு ஒறப்பாவே ஆக்கறனுங்க."